மேனேஜர் டிராயரில் என் மடக்குக் கத்திகள்

மஞ்சள் கட்டர் வந்த காலை

ஷேட் நெட் பந்தலுக்குள் போய் உட்காருவதற்கு முன்னாலேயே மேனேஜர் எங்களை நிறுத்திவிட்டார். மேசை மேல் சிவப்பு பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருந்தது. பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி, அது நிறைய மஞ்சள் கட்டர். ஸ்டேஷனரிக் கடையில் சார்ட் பேப்பர் வெட்ட வைத்திருப்பார்களே, அந்தக் கட்டர்தான்.

"இன்னையிலேர்ந்து யாரும் சொந்தக் கத்தி எடுத்தாரக் கூடாது. இருக்கறத இந்தத் தட்டுல போடுங்க. ஆளுக்கு ஒரு கட்டர் தர்றேன், சாயங்காலம் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க. முதலாளி ஆர்டர்," என்றார்.

எங்கள் நர்சரி மலை மேல், புதூர்நாட்டுக்குப் போகிற ஜீப் ரோட்டில் இருக்கிறது. மா, பலா, புளி மூன்றிலும் ஒட்டுக்கன்று கட்டுகிறோம். கொட்டை முளைத்து வந்த கன்றின் தலையை வெட்டிவிட்டு, தண்டை நடுவில் பிளக்க வேண்டும். நல்ல மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி சீவி அந்தப் பிளவில் சொருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். இவ்வளவுதான் வேலை. இந்த வேலை மொத்தமும் கத்தியில் இருக்கிறது. சீவின முகம் வழவழவென்று இருந்தால் குச்சி பிடித்துக்கொள்ளும். மேடு பள்ளமாக இருந்தால் கருகிவிடும்.

மேனேஜர் பேர் தினேஷ். திருப்பத்தூர்ப் பையன், விவசாயம் படித்தவர். மீசை வளரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற வயசு. பையன் நல்ல பையன்தான். அதனால்தான் அவரோடு சண்டை போடுவது எனக்குக் கஷ்டமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இந்த ஆர்டருக்குக் காரணம் செல்வி. என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுகிறவள். அதற்கு முந்தின வாரம் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் என் கத்தியை எடுத்துக் குச்சி சீவியிருக்கிறாள். ஒட்டுக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சாணை பிடிப்பார்கள், மறுபக்கம் தட்டையாக விட்டுவிடுவார்கள். எல்லாருக்கும் சோத்துக்கைக்குத் தகுந்த மாதிரி சாணை இருக்கும். நான் பீச்சாங்கைக்காரி. என் கத்திக்கு எதிர்ப்பக்கம் சாணை. அது தெரியாமல் செல்வி சீவினாள். கத்தி குச்சிக்குள் பாய்ந்து, அங்கே இருந்து வழுக்கி, அவள் கட்டைவிரலில் போய் நின்றது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். முதலாளி காதுக்குப் போனது. அவர் போனிலேயே சட்டம் போட்டுவிட்டார். சொந்தக் கத்தி வைத்திருந்தால் வேலை கிடையாது.

மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தட்டில் போட்டார்கள். என் முறை வந்தது.

"ஏன் தம்பி, வெரலு ஒருத்திது, கத்தி ஒருத்திது. தட்டு மட்டும் எதுக்கு எல்லாருக்கும்?" என்று கேட்டேன்.

"ஆயா, அந்தக் கத்தியத்தான் மொதல்ல குடுக்கணும் நீ," என்று கையை நீட்டினார்.

இடுப்பிலிருந்து ஒரு கத்தியை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"கையில குடுக்க மாட்டியா?"

"கத்திய கையில குடுத்தா குடுத்தவளுக்கும் வாங்கினவனுக்கும் சண்டை வரும் நைனா. உங்க ஊர்ல இதெல்லாம் சொல்ல மாட்டாங்களா?"

"எங்கம்மாவும் சொல்லுவாங்க," என்று சிரித்துக்கொண்டே எடுத்தார்.

அது கிளி மூக்கு மாதிரி வளைந்த கவாத்துக் கத்தி. கிளை கழிக்க ஆகும், ஒட்டுக் கட்ட ஆகாது. உண்மையான கத்தி என் இடுப்பின் இன்னொரு பக்கத்தில் பத்திரமாக இருந்தது. செல்விக்கு அது தெரியும். அவள் என்னைப் பார்த்தாள், கட்டுப் போட்ட விரலைப் பார்த்தாள், அப்புறம் ஷேட் நெட்டின் மேலே ரொம்ப நேரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பொம்பளைக்கு இத்தனை கத்தி எதற்கு

இதை எல்லாரும் கேட்கிறார்கள். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஷேவிங் பிளேடைப் பாதியாக உடைத்துத்தான் கையில் கொடுத்தார்கள். பலாக் குச்சி சீவினால் பால் வந்து பிளேடில் ஒட்டிக்கொள்ளும். துடைக்கப் போனால் விரல் கிழியும். ஜமுனாமரத்தூர் வாரச் சந்தையில் வாணியம்பாடியிலிருந்து வருகிற சாணைக்கார பாய் ஒருவர் உட்காருவார். அவர் முன்னால் விரித்த சாக்கில் பழைய மடக்குக் கத்திகள் கிடக்கும். புளியங்கட்டைப் பிடி போட்ட ஒன்றை எடுத்துக் காட்டினேன்.

"பாய், இத உல்டாவா தேச்சுக் குடு."

"இன்னாமா சொல்ற? கத்திக்கு ஏது உல்டா?"

கையைக் காட்டினேன்.

"அடடே, பீச்சாங்கையா. அப்போ குந்து, நேரமாவும். கல்லு இந்தப் பக்கம்தான் சுத்தும், நான்தான் அந்தப் பக்கம் திரும்பணும்."

அவர் திரும்பி உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தார். விரித்தேன். டக் என்றது. மடக்கினேன். அதற்கும் ஒரு டக். அவ்வளவுதான், நான் விழுந்தேன்.

வீட்டில் அரிவாள் இருக்கிறது, கொடுவாள் இருக்கிறது, அரிவாள்மணை இருக்கிறது. அதெல்லாம் வீட்டுச் சொத்து. யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், எங்கே போட்டார்கள் என்று நாம் தேட வேண்டும். மடக்குக் கத்தி அப்படி இல்லை. இடுப்பில் உட்கார்ந்துகொள்ளும். யாரும் இரவல் கேட்பதில்லை, அது அங்கே இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. நிலம் என் வீட்டுக்காரர் பேரில் இருந்தது, இப்போது பிள்ளை பேரில் இருக்கிறது. ரேஷன் கார்டில்கூட நான் கீழேதான் இருக்கிறேன். இந்தக் கத்தி மட்டும் என் ஒருத்தியுடையது. இன்னொரு வசதியும் உண்டு. மடக்கினால் பேசாமல் இருக்கும். என் வீட்டுக்காரரிடம் கடைசிவரை எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

ஒன்று வந்த பிறகு கண் தானாகவே அடுத்ததைத் தேடியது. மரக்கிளை வெட்டிக் கம்பி இழுக்க வந்த லைன்மேனிடம் ஒரு கத்தி இருந்தது. ஒரு அலகு ஒயர் சீவ, இன்னொன்று ஸ்குரூ திருக. எங்கள் மரத்துப் பலாப்பழம் ஒன்றும் ஒரு மடி புளியும் கொடுத்து அதை வாங்கினேன். அவர் பழத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது ஏமாந்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டு போனார். ஆடு மேய்க்கிறவர் ஒருவரிடமிருந்து எலும்புப் பிடிக் கத்தி வந்தது. ஆட்டின் குளம்பில் முள் எடுத்து எடுத்து முனை ஒடிந்தது. தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் ஒருவரிடமிருந்து வயிறு தள்ளின குட்டைக் கத்தி வந்தது.

வேலை செய்த கத்தியைத்தான் நான் சேர்ப்பேன். கடையில் பெட்டிக்குள் பளபளவென்று படுத்திருப்பது எனக்கு வேண்டாம். ஒரு கத்தியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் அதை வைத்திருந்தவர் என்ன வேலை செய்தார், சோம்பேறியா, கோபக்காரரா, எல்லாம் அலகு தேய்ந்த விதத்தில் தெரியும். ஒரு ஆளைப் பற்றி அவர் பொண்டாட்டிக்குத் தெரியாதது அவர் கத்திக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் உசத்தி மாட்டுக் கொம்புப் பிடிக் கத்தி. அது சாணைக்கார பாயின் சொந்தக் கத்தி, பாக்கு நறுக்க வைத்திருந்தார். நான் அதை விலை கேட்டதே இல்லை. சந்தைக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், அவ்வளவுதான். ஒரு சந்தையில் அவர் அதைச் சாக்கின் மேல் வைத்தார்.

"எடுத்துட்டுப் போம்மா. நீ பாக்கற பார்வைக்கு எனக்கு பாக்கே எறங்க மாட்டேங்குது."

எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். என் மருமகளுக்கு அந்த டின்னைக் கண்டால் ஆகாது.

"மத்த வூட்டு மாமியாருங்க மருமவளுக்கு நகை வெச்சிட்டுப் போறாங்க. எங்க மாமியார் எனக்கு கத்தி வெச்சிட்டுப் போகப் போறாங்க," என்பாள்.

"உனக்குன்னு யாரு சொன்னது?" என்பேன்.

ஒவ்வொன்றாகப் போனது

தட்டு வந்ததற்கு மறுநாள் மேனேஜர் வந்து என் கட்டரை எடுத்துப் பார்த்தார். மேலே சுற்றின காகிதம்கூட பிரியவில்லை.

"ஆயா, நேத்து கட்டுன கன்னெல்லாம் எதுல கட்டின?"

"கையிலதான்."

"கத்தி எதுன்னு கேக்கறேன்."

லைன்மேன் கத்தியை எடுத்து மேசை மேல் வைத்தேன். அவர் விரித்துப் பார்த்தார்.

"இது கரெண்டு வேலை செய்றவங்க கத்தி மாதிரி இருக்குது."

"அதான் நேத்து வேலை கரெண்டு மாதிரி ஓடிச்சி."

டிராயரில் போட்டுப் பூட்டினார். நான் என் இடத்தில் போய் உட்கார்ந்து, புளியங்கட்டைக் கத்தியை முந்தானைக்குள் வைத்து வேலையை ஆரம்பித்தேன்.

அதற்கடுத்த நாள் எலும்புப் பிடிக் கத்தி போனது.

"இதுக்கு முனையே இல்லியே ஆயா. இதுலயா தண்டு பொளந்த?"

"வயசாயிடுச்சி நைனா அதுக்கு. எனக்கும்தான் பல்லு இல்ல. நான் கறி தின்னலியா?"

பெண்கள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது, மேனேஜர் என்பதால் திரும்பிக்கொண்டார். என் இடுப்பைத் தடவிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. பார்த்திருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தேன்.

இப்படியே போனது. காலையில் வந்ததும் மற்றவர்கள், "இன்னைக்கு இன்னாத்த எடுத்தாந்த ஆயா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் ஒன்றை வைப்பேன். அவர் விரித்துப் பார்ப்பார். இது எந்த வேலைக்கு, யாரிடம் வாங்கின என்று கேட்பார். நான் பாதி உண்மையும் பாதி பொய்யும் சொல்வேன். டிராயர் சாத்தும் சத்தம் கேட்கும். அன்றைய ஒட்டுக் கட்டும் வேலை தொடங்கும்.

சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனால் வீட்டில் டின்னைத் திறந்தால் தகரம் தெரிந்தது. ஒரு கத்தியைக் காப்பாற்ற மற்ற எல்லாவற்றையும் நானே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்று போய்விட்டால் எனக்கு இந்த வேலையே இல்லை. சந்தைக்கு பாய் வருவது நின்றுபோய் எவ்வளவோ காலமாகிவிட்டது. எனக்காக இன்னொரு தடவை திரும்பி உட்கார்ந்து தேய்க்க யாரும் இல்லை.

கடைசியில் டின்னில் மாட்டுக் கொம்புக் கத்தி மட்டும் மிஞ்சியது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத வேணாம் ஆயா. பேசாம கட்டர்லயே கட்டிட்டுப் போ. யாரு கேக்கப் போறா?"

"நான் ஒரு நாளு கட்டர்ல கட்டிட்டன்னு வெச்சிக்கோ, அப்புறம் உனக்கு கத்தி எதுக்குன்னு கேப்பான். அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

கட்டரும் ஒன்றும் லாயக்கு இல்லை. புளிக் குச்சி கொஞ்சம் முற்றலாக இருந்தால் அலகு நெளிந்தது. துண்டு துண்டாக ஒடிந்து மண் பைக்குள் விழுந்தது. பை நிரப்புகிறவர்கள் மண்ணில் கை வைக்கவே பயந்தார்கள். விரலைக் காப்பாற்ற வந்த கட்டர் அது.

கொம்புக் கத்தியை மேசையில் வைத்தேன். மேனேஜர் எடுத்தார். அன்றைக்கு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கட்டைவிரலால் கொம்பைத் தேய்த்துக்கொண்டே நின்றார். டிராயர் சாத்தும் சத்தமும் உடனே கேட்கவில்லை.

அப்புறம் நிமிர்ந்து, "ஆயா, முதலாளி வர்றாரு இந்த வாரம். அவரு வரும்போது உங்கிட்ட கத்தி இருந்துச்சின்னா உன்னை நிறுத்திடுவாரு. அதுக்கு முன்னாடி என்னை நிறுத்துவாரு. எதுனா இன்னும் இருந்தா குடுத்துடு," என்றார். குரலில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"எல்லாம் குடுத்தாச்சே," என்றேன்.

டக்

நாடா உருளை தீர்ந்துபோய், ஆபீஸ் அறைக்கு எடுக்கப் போனேன். ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு ஃபேன், ஒரு தண்ணீர்க் கேன். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே டக். கொஞ்சம் விட்டு இன்னொரு டக்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா? பெற்ற பிள்ளையின் இருமல் மாதிரி அது. கொம்புக் கத்தியின் ஸ்பிரிங் கொஞ்சம் கனமாக விழும்.

கதவைத் தள்ளினேன். மேனேஜர் டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு துண்டு விரித்து, என் கத்திகளை எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தார். எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார். லைன்மேன் கத்தியில் என் கையால் ஆகாத துரு ஒன்று இருந்தது, அதைக்கூடத் தேய்த்து எடுத்திருந்தார். கொம்புக் கத்தி அவர் கையில் விரிந்திருந்தது.

"இன்னா தம்பி, விசாரணை நடக்குதா?"

பாவம், காது சிவந்துவிட்டது.

"துரு புடிச்சிடக் கூடாதேன்னு பாத்தேன் ஆயா."

"விரிச்சா துரு போவுமா, மடக்கினா போவுமா?"

கத்தியை மடக்கித் துண்டின் மேல் வைத்தார்.

"காலையில நான் டேபிள்ல வெக்கும்போது ஏன் அத்தினி கேள்வி கேக்கறன்னு இப்பதான் தெரியுது. நாளைக்கு ஆயா எத எடுத்துட்டு வருவான்னு ராத்திரியெல்லாம் யோசனை. அப்படித்தானே?"

"ராத்திரியெல்லாம் இல்ல. பஸ்ல வரும்போது," என்றார்.

ரொம்ப நாளைக்கு அப்புறம் நான் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான். என்னை ஒழுங்குக்குக் கொண்டுவரச் சொல்லி அனுப்பின ஆள் என் வியாதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிரிப்பு நின்றதும் கேட்டேன்.

"அவ்ளோ புடிச்சிருக்கில்ல? அப்புறம் ஏன் எங்ககிட்ட புடுங்கற?"

"ஆர்டர் ஆயா."

"அப்போ உன் கைக்குத் தெரியறது உங்க ஆர்டருக்குத் தெரியல."

நாடா உருளையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் கத்தியைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார் போல இருந்தது. ஒளித்துக் கொடுப்பதை நான் வாங்க மாட்டேன்.

முதலாளியின் கை

முதலாளி திருப்பத்தூரில் புளி மண்டி வைத்திருக்கிறவர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு போன். ஜீப்பிலிருந்து இறங்கி நேரே ஆபீசுக்குப் போனார். நாங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பேச்சு கேட்டது.

"எல்லார் கத்தியும் வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன் சார்." டிராயர் திறக்கும் சத்தம்.

"இன்னாய்யா இது, திருவிழாக் கடை மாதிரி? வேலை செய்றதே கைவெரல்ல எண்ணற ஆளுங்க. இத்தினி கத்தி யாருது?"

"பாதிக்கு மேல குப்பம்மா ஆயாவுது சார்."

"கெழவி இன்னா, படை சேக்குதா?"

அன்றைக்கு நான் ஒளிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகி, புளியங்கட்டைக் கத்தியை எல்லாரும் பார்க்கிற மாதிரி விரித்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தேன். டின் காலி. இனிமேல் முன்னால் நிறுத்த வேறு கத்தி இல்லை. போனால் இந்தக் கத்தியோடு சேர்ந்து நானும் போகிறேன் என்று காலையிலேயே முடிவு பண்ணிவிட்டுத்தான் வந்திருந்தேன். மருமகளிடம்கூட அன்றைக்கு ஜாஸ்தி வாய் கொடுக்கவில்லை. அவள் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

முதலாளி எனக்கு முன்னால் வந்து நின்றார். பின்னால் மேனேஜர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வாங்கிவிட்டேன் என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறார்.

"இன்னா ஆயா, நான் போட்ட ஆர்டர் உனக்கு இல்லியா?"

"எனக்கும்தான் போட்டீங்க முதலாளி."

"அப்ப இது இன்னா?"

"கத்தி."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி கையை நீட்டினார்.

"குடு அத."

சொருகின குச்சியைக் கட்டி முடித்தேன். பாதியில் விட்டால் அந்தக் கன்று வீணாகிவிடும். அலகை முந்தானையில் துடைத்து, மடக்கி, இடது கையில் வைத்து அவர் கைக்கு நேராக நீட்டினேன்.

"வாங்கிக்குங்க."

அவர் கை பாதி வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"கீழ வை."

"வெக்க மாட்டேன் முதலாளி. இத்தினி நாளு டேபிள்லதான் வெச்சேன். எவ்ளோ இருந்துச்சோ அவ்ளோவும் வெச்சேன், சண்டை வேணாம்னு. இது மட்டும் கையிலதான். வோணும்னா வாங்கிக்குங்க. அப்புறம் வர்ற சண்டைக்கு நான் பொறுப்பில்ல."

"பீச்சாங்கையில வேற நீட்டற."

"இந்தக் கையிலதான் உங்க கன்னெல்லாம் கட்டறேன். அதெல்லாம் வித்துக் காசு வாங்கும்போது எந்தக் கைன்னு நீங்க கேக்கலியே."

அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "நீ வாங்குப்பா."

மேனேஜர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எங்கம்மா திட்டுவாங்க சார்," என்றார்.

மேலே மிஸ்ட் குழாய் புஸ் புஸ் என்று தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. நீட்டின கை எனக்கு வலிக்க ஆரம்பித்தது. இழுத்துக்கொள்ளவில்லை.

செல்வி எழுந்து நின்றாள். அவள் முதலாளி முன்னால் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"அவங்க கத்தி மேல தப்பு இல்ல முதலாளி. என் கத்தி மழுங்கிக் கெடந்துச்சி. தேச்சு வெக்க சோம்பேறித்தனம் பட்டுக்கினு அவங்கள்த எடுத்தேன். இப்ப கட்டர்னு சொல்லி, இது யாருது அது யாருதுன்னு இல்லாம எல்லாரும் எல்லார்தையும் எடுக்கறோம். அடுத்த வெரலு யாருதுன்னு தெரியல."

மற்ற பெண்களும் எழுந்தார்கள். எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

முதலாளி நீட்டின கையை எடுத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எங்க வூட்ல ஒருத்தி இருக்கா. அவகூட சண்டை போடவே எனக்கு நேரம் பத்தல. மலை மேல இன்னொண்ணு வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? தினேசு, குடுத்துடுப்பா. அவங்கவங்க கத்தி அவங்கவங்க இடுப்புல. அடுத்தவ கத்திய தொட்டா அன்னைக்கே வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். ஆனா இனிமே வெரல வெட்டிக்கினு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"நிப்போம் முதலாளி," என்றேன். "உங்க வேலையில வெட்டினா உங்ககிட்ட வராம பக்கத்து மண்டிக்கா போவோம்?"

அவர் திரும்பி நடந்து ஜீப்பில் ஏறினார். ஆனால் அடுத்த நடை ஜீப்பில் பஞ்சும் டிஞ்சரும் பேண்டேஜும் வைத்த ஒரு பெட்டி மேலே வந்தது. இப்போதும் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறது. மஞ்சள் கட்டர்கள் உர மூட்டை கிழிக்கப் போயின. அதற்கு அவை போதும்.

பித்தளைப் பிடி

மேனேஜர் என் கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசை மேல் வைத்தார். கொம்புக் கத்தியை வைத்துவிட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டார்.

"ஆயா, இத மட்டும் நீ எவ்ளோ கேட்டாலும்..."

"எடு கைய."

"ஒட்டுக் கட்ட நீ இத எடுக்கறதே இல்லியே."

"உங்க வூட்ல சாமி படம் இருக்குதா? அத வெச்சி எதுனா வெட்டறியா?"

கையை எடுத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்பட்டுக் கொடுக்கிற பொருள் அது இல்லை. வேண்டுமென்றால் அவரே அலைந்து தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேடியும் விட்டார். அதுதான் இப்போது என் தொந்தரவு. போன மாதம் ஒரு காலையில் என் முன்னால் வந்து உட்கார்ந்து, பேண்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். பித்தளைப் பிடி. இரண்டு அலகு. பெரியது தேய்ந்து தேய்ந்து கெண்டை மீன் குஞ்சு மாதிரி ஆகியிருந்தது. சின்னது இன்னும் முழுசாக இருந்தது, அதை வைத்திருந்த ஆள் எதற்காகவோ அதைத் தொடாமல் காப்பாற்றி வந்திருக்கிறார். பிடியில் கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் குழிந்து தங்கம் மாதிரி மின்னியது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

"எங்க புடிச்ச?" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"அதெல்லாம் சொல்ல மாட்டேன் ஆயா."

"யாரு வெச்சிருந்தாங்க, அதையாச்சும் சொல்லு."

"பாதி உண்மை சொல்லவா, பாதி பொய் சொல்லவா?"

"லைன்மேன் கத்தியும் தோல் கத்தியும் ரெண்டும் எடுத்துக்கோ. அத குடு."

சிரித்தார். மடக்கினார். அதன் சத்தம் கொம்புக் கத்தியைவிட நன்றாக இருந்தது என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நர்சரி வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். முதல் கூலியில் உங்களுக்கென்று ஒரு மடக்குக் கத்தி வாங்குங்கள். உங்கள் கைக்குத் தகுந்த மாதிரி சாணை பிடியுங்கள், சோத்துக்கையோ பீச்சாங்கையோ, வெட்கப்பட ஒன்றும் இல்லை. அடுத்தவள் கத்தியைத் தொடாதீர்கள். உங்கள் கத்தியைத் தட்டில் போடச் சொல்லி யார் வந்தாலும் எதற்கு என்று கேளுங்கள். கேட்டுவிட்டும் போடாதீர்கள். நான் அத்தனை கத்தி கொடுத்துக் கற்றுக்கொண்டது இது. மேசை மேல் ஒன்றை வைத்தால் நாளைக்கு அடுத்ததைக் கேட்பார்கள். முதல் நாளே கையில் நீட்டியிருக்க வேண்டும்.

மேனேஜரைத் திருப்பத்தூர் மண்டிக்கே மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. மாற்றட்டும், பையன் முன்னுக்கு வர வேண்டியவர். ஆள் மலை இறங்கலாம். அந்தப் பித்தளைக் கத்தியை நான் இறங்க விடப்போவதில்லை.